வகுப்பறைக்கு வந்த ஆமை

“ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படா” என்பது நம் நாட்டுப் பழமொழி. அதனால் ஊரில் கிணற்றங்கரையில் ஓர் ஆமை தலைகாட்டினாலும், பாட்டிமார் அதை முறத்தில் எடுத்துப்போய்க் குளத்தில் விட்டுவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார்கள். நாம் பிழைப்புக்காக வந்து குடியேறியிருக்கும் கொல்கத்தாவிலோ நிலைமை வேறு. சீன வாஸ்து என்ற பெயரில், ஆமை உருவம் வீட்டில் இருந்தால் செல்வம் பெருகும் என்று சொல்லிக் கண்ணாடியிலும் பித்தளையிலும் ஆமைப் பொம்மைகளைக் கடைகளில் வைத்து விற்கிறார்கள். சிலர் பொம்மையோடு நில்லாமல் உயிருள்ள ஆமையையே வாங்கிவந்து மேசைமேல் வைக்கிறார்கள்.

ஆமையைத் தீமை என்பாரும் நன்மை என்பாரும் இப்படி இரு திறத்தார். திருமாலின் அவதாரங்களுள் ஒன்று ஆமை. யமுனையாற்றுத் தேவிக்கு ஊர்தியும் ஆமையே. ஐம்புலனை அடக்குவதற்கு வள்ளுவர் பெருமான் காட்டிய உவமையும் ஆமைதான். இத்தனை பேச்சுக்கும் இடந்தந்த பிராணி என்ன தின்கிறது, எவ்வளவு காலம் வாழ்கிறது, எதனால் நோயுறுகிறது என்று கேட்டால், நம்மில் பெரும்பாலோர் விழிக்க வேண்டியவர்களாக இருக்கிறோம்.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. நியூ டவுனில் நம் குழந்தைகள் பலர் படிக்கும் பள்ளி ஒன்றில், மூன்றாம் வகுப்பில், சென்ற ஆண்டு இரண்டு ஆமைக்குஞ்சுகள் ஒரு கண்ணாடித் தொட்டியில் வந்து அமர்ந்தன. மாணவன் ஒருவனின் பிறந்தநாளை ஒட்டி அவன் பெற்றோர் அளித்த அன்பளிப்பு அது. பழைய ஐந்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே பெரியவை, பச்சை ஓடு, கண்ணுக்குப் பின்னால் இருபுறமும் செந்நிறக் கோடு. குழந்தைகளின் மகிழ்ச்சிக்குக் கேட்பானேன்! படிப்பில் மந்தமான பிள்ளைகள்கூட மணி அடிக்குமுன்னே வகுப்பிற்கு வந்துவிட்டதாக ஆசிரியை கூறினார். ஆனால் அன்பளித்த குடும்பத்தினர் வேலை மாற்றலாகி ஹைதராபாத் சென்றுவிட்டனர். பூஜை விடுமுறையும் நெருங்கியது. “ஆமைகளை யார் பார்த்துக்கொள்வது?” என்ற கேள்வி பெற்றோர் கூட்டத்தில் எழுந்தது. “அருகில்தானே ஏரி இருக்கிறது, விட்டுவிடலாமே” என்றார் ஒருவர். அந்த ஒரு சொல்லே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

எந்த ஆமை?

ஆமை என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். கடலில் வாழ்வது, நிலத்தில் வாழ்வது, குளம் குட்டைகளில் வாழ்வது என அதில் மூவகை உண்டு. நம் நாட்டில் நன்னீரிலும் நிலத்திலுமாக ஏறக்குறைய முப்பது வகை ஆமைகள் வாழ்கின்றன. தமிழ்நாட்டுக் குளங்களில் நாம் பாலாமை என்று அழைக்கும் மெல்லோட்டு ஆமை வங்காளத்துக் குட்டைகளிலும் உண்டு. கூரைபோல் உயர்ந்த ஓடுடைய சிறிய ஆற்றாமையும் இப்பகுதியில் உண்டு. இவற்றையும், ஓட்டில் விண்மீன் வடிவம் கொண்ட நட்சத்திர ஆமையையும், வீட்டிலோ பள்ளியிலோ வளர்க்கச் சட்டம் இடந்தரவில்லை. 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 2022-ல் திருத்தப்பட்டு, 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் முதல் அட்டவணையில் இவ்வாமைகள் உள்ளன. அவற்றைப் பிடிப்பதும் விற்பதும் வாங்குவதும் வைத்திருப்பதும் குற்றம். மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டு வரை சிறையும், இருபத்தையாயிரம் ரூபாய்க்குக் குறையாத அபராதமும் தண்டனை.

இந்தக் கடுமைக்குக் காரணம் இருக்கிறது. ரயில்வேயில் பணிபுரியும் என் போன்றோர்க்கு அது கண்கூடு. வட இந்தியாவின் ஆறுகளிலும் குளங்களிலும் பிடித்த ஆமைகளைக் கோணிப்பையில் திணித்து, ஹௌரா நோக்கி வரும் வண்டிகளில் இருக்கைகளின் அடியில் ஒளித்துக் கொண்டுவருவது நெடுங்காலமாக நடந்துவரும் கள்ளக் கடத்தல். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு, கால் அசைக்கவும் இடமின்றி, நீரின்றி அவை வருகின்றன. பெரும்பாலும் இறைச்சிக்காகவும், சிறு பகுதி வளர்ப்பதற்காகவும் இந்த வாணிகம் நடைபெறுகிறது. ரயில்வே பாதுகாப்புப் படையினர் ‘வைலெப்’ என்ற பெயரில் இதற்கெனத் தனி நடவடிக்கையே மேற்கொண்டு பிடித்துவருகின்றனர். ஆகவே யாரேனும் “நாட்டு ஆமை, மலிவு” என்று கொண்டுவந்து தந்தால் அதை வாங்கலாகாது. குழந்தை குட்டையோரத்தில் ஒன்றைக் கண்டு எடுத்துவந்தால், எடுத்த இடத்திலேயே உடனே விட்டுவரச் செய்க.

பள்ளித் தொட்டியில் இருந்தவை இந்நாட்டு ஆமைகள் அல்ல. அவை செங்காது ஆமைகள். அமெரிக்க நாட்டில் மிஸிஸிப்பி ஆற்றுப் பள்ளத்தாக்கே அவற்றின் தாயகம். அங்கே பண்ணைகளில் இலட்சக்கணக்கில் பொரிக்கவைத்து உலகெங்கும் விற்றதால், இன்று துருவக் கண்டம் ஒன்று நீங்கலாக எல்லாக் கண்டங்களிலும் அவை பரவியுள்ளன. உலகின் மிகத் தீங்கு பயக்கும் அயல் உயிரினங்கள் நூற்றின் பட்டியலில் இதற்கும் ஓர் இடம் உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 1997-லேயே இதன் இறக்குமதியைத் தடுத்தது. நம் சென்னை விமான நிலையத்திலும், கிழக்கு நாடுகளிலிருந்து வந்த பயணிகளின் பெட்டிகளில் இக்குஞ்சுகள் 2024-ல் ஆயிரக்கணக்கில் பிடிபட்டன. இந்திய ஆமைகளுக்குள்ள தடை இதற்கு அப்படியே பொருந்தாது என்பதனால் கடைகளில் கிடைக்கிறது. ஆயினும் அயல்நாட்டுப் பிராணிகளைப் பற்றிய விதிகள் அண்மையில் இறுகிவருகின்றன. வனத்துறையிடம் கேட்டறியாமல் எவரும் வாங்குதல் நன்றன்று.

முப்பதாண்டுக் கணக்கு

நாணயம் போன்ற குஞ்சைக் காணும் குழந்தை, அது என்றும் அவ்வாறே இருக்கும் என நினைக்கிறது. விற்பவரும் பெரும்பாலும் மறுப்பதில்லை. உண்மை வேறு. நன்கு வளர்ந்த பெண் ஆமை 25 முதல் 30 சென்டிமீட்டர் நீளம், அதாவது ஒரு சாப்பாட்டுத் தட்டின் அகலம், உடையதாகும். நல்ல பராமரிப்பில் இருபது, முப்பது ஆண்டுகளும் அதற்கு மேலும் வாழும். மூன்றாம் வகுப்பில் எட்டு வயதில் அதற்கு உணவிட்ட சிறுமி, தன் குழந்தையை மூன்றாம் வகுப்பில் சேர்க்க வரும்போதும் அந்த ஆமை உயிரோடிருக்கக்கூடும்.

ஆமையின் நீண்ட ஆயுளுக்குக் கொல்கத்தாவே சாட்சி. அலிப்பூர் விலங்குச்சாலையில் அத்வைதா என்றொரு பெரிய நில ஆமை இருந்தது. இந்துமாக்கடலிலுள்ள அல்டாப்ரா தீவைச் சேர்ந்த இனம். ராபர்ட் கிளைவுக்கு அன்பளிப்பாக வந்தது என்றும், இருநூற்றைம்பது வயது என்றும் சொல்வர். அவ்வயது ஐயமறக் காட்டப்பட்டதில்லை. 1870-களில் விலங்குச்சாலை தொடங்கிய காலத்தில் அங்கே வந்து, 2006 மார்ச்சில் இறந்தது என்ற கணக்கைமட்டும் எடுத்துக்கொண்டாலும், ஓரிடத்திலேயே நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேல் அது வாழ்ந்திருக்கிறது. எத்தனை அதிகாரிகள், எத்தனை காவலர்கள் அதற்கு உணவளித்து ஓய்வு பெற்றிருப்பர்! விலங்குச்சாலையாகையால் ஒருவர் போனால் மற்றொருவர் வந்தார். வகுப்பறைக்கு அத்தகைய ஏற்பாடு உண்டா என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி. ஆண்டுதோறும் மாணவர் மாறுவர், ஆசிரியை மாறுவார், நம்மைப் போன்றோர் மாற்றல் உத்தரவு வந்தால் மூன்று வாரத்தில் மூட்டை கட்டுவோம். தொட்டி மட்டும் அங்கேயே இருக்கும்.

வளர்க்கும் முறை

இனி வாங்குதல் வேண்டா என்பதே என் கருத்து. ஆயினும் முன்னரே பள்ளியிலோ வீட்டிலோ வந்துவிட்ட ஆமையைக் காப்பது நம் கடமையாகிவிட்டது. ஆதலின் அதற்கு வேண்டியவற்றைக் கூறுவேன்.

முதலாவது இடம். வட்டமான சிறு கண்ணாடிக் குடுவையும், நடுவே பிளாஸ்டிக் தென்னைமரம் வைத்த தட்டும் ஆமைக்குச் சிறைச்சாலைகள். ஆமையின் ஓடு ஓர் அங்குலம் நீண்டால் ஏறக்குறைய நாற்பது லிட்டர் நீர் வேண்டும் என்பது வளர்ப்போர் கையாளும் கணக்கு. பத்தங்குல ஆமை ஒன்றிற்கு நானூறு லிட்டர் ஆயிற்று. நீரின் எடை மட்டும் நான்கு குவிண்டால்! சாதாரண மேசை இதைத் தாங்காது. தொட்டியில் நீந்தும் அளவு ஆழமும், ஏறி உலர்ந்து இருப்பதற்கு ஒரு மேடையும் வேண்டும். உலர வழியில்லாத ஆமையின் ஓட்டில் அழுகல் காணும்.

இரண்டாவது வெப்பம். ஆமைக்கு நம்மைப்போல் தன் உடலைத் தானே சூடாக வைத்துக்கொள்ளும் ஆற்றல் இல்லை. நீர் 24 முதல் 28 டிகிரியும், மேடை அதைவிடச் சற்று மிகுதியான வெப்பமும் உடையனவாக இருத்தல் வேண்டும். கொல்கத்தாவில் ஆண்டின் பெரும்பகுதி இதற்குக் கவலையில்லை. தை மாதத்து இரவுகளில் வெப்பம் 12, 14 டிகிரிக்கு இறங்கும்போது ஆமை உணவு கொள்ளாது மந்தமாகும். அப்போது நீரைச் சூடாக்கும் மின்கருவியும், அதைச் சரிபார்க்க ஒரு தெர்மாமீட்டரும் வேண்டும். வெயிற்காலத்திலோ ஜன்னலோரத்தில் நேர்வெயில் படும்படி தொட்டியை வைத்தல் கூடாது. நீர் கொதித்து ஆமை மாளும்.

மூன்றாவது ஒளி. வெயிலில் உள்ள புற ஊதாக் கதிரால்தான் ஆமை தன் உடலில் டி உயிர்ச்சத்தை உண்டாக்கிக்கொண்டு, உணவிலுள்ள சுண்ணச்சத்தை ஓட்டிலும் எலும்பிலும் சேர்க்கிறது. இது கிட்டாவிடில் ஓடு மென்மையாகி வளைந்துவிடும். ஜன்னற் கண்ணாடி இக்கதிரைத் தடுத்துவிடும் என்பதைப் பலர் அறியார். ஆதலின் கண்ணாடிக்கு உள்ளே விழும் வெயில் போதாது. அதற்கெனவுள்ள புற ஊதா விளக்கைப் பொருத்துதல் வேண்டும். அவ்விளக்கு எரிந்துகொண்டிருந்தாலும் ஓராண்டுக்குள் கதிர் குன்றிவிடுவதால் மாற்றவும் வேண்டும். காலையிளவெயிலில் அகன்ற தொட்டியில் வெளியே வைப்பதும் நன்று. பாதி இடம் நிழலாக இருத்தல் வேண்டும். காக்கைக்கும் நாய்க்கும் காவலும் வேண்டும்.

நான்காவது உணவு. கடையில் டப்பாவில் விற்கும் உலர்ந்த இறாலை மட்டுமே நாள்தோறும் இட்டால் ஏ உயிர்ச்சத்துக் குறைந்து கண் வீங்கி மூடிக்கொள்ளும். குஞ்சுப் பருவத்தில் புழு, மீன் முதலிய புலாலை மிகுதியும் விரும்பும். வளர வளர இலையுணவுக்கு மாறும். ஆமைக்கெனச் செய்த உருண்டைத் தீனியோடு, வங்காளிச் சந்தையில் எங்கும் கிடைக்கும் கல்மி கீரை, நீர்ப்பாசி, நம் ஊரில் ஆகாயத்தாமரை எனும் நீர்ப்பூண்டின் இலை ஆகியவற்றை இடலாம். பசலைக் கீரையை அடிக்கடி இடுதல் கூடாது. அது சுண்ணச்சத்து உடலிற் சேர்வதைத் தடுக்கும். ரொட்டி, சோறு, பால், முறுக்கு இவை ஆமைக்கு ஆகா. குஞ்சுக்கு நாளைக்கு ஒருமுறையும், வளர்ந்ததற்கு இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறையும் போதும். முப்பது குழந்தைகள் ஆளுக்கொரு பிடி போட்டால் மிகுந்த தீனி அழுகி நீர் கெடும். ஆகவே இன்று யார் முறை என்பதைக் கரும்பலகையில் எழுதிவைத்தல் நலம்.

ஐந்தாவது நீர். ஆமை உண்பதும் கழிப்பதும் நீரிலேயே. நல்ல வடிகட்டி இருந்தாலும் வாரந்தோறும் நீரில் ஒரு பகுதியை மாற்றுதல் வேண்டும். குழாய்நீரை ஒருநாள் திறந்து வைத்திருந்து, குளோரின் நீங்கியபின் ஊற்றுக.

மூக்கில் குமிழி வருதல், வாயைத் திறந்து மூச்சு விடுதல், நீந்தும்போது ஒருபக்கம் சாய்தல் இவை நுரையீரல் நோயின் அறிகுறிகள். கண் வீங்குதலும், ஓடு மெத்தெனல் ஆவதும் முன்னே கூறினேன். இவற்றைக் கண்டால் தாமதியாது ஊர்வனவற்றைப் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்லுதல் வேண்டும். ஓட்டின்மேல் எண்ணெய் தடவுவதும், வண்ணம் பூசுவதும், பெயர் எழுதுவதும் வேண்டா. ஓடு ஆமைக்குச் சட்டை அன்று. முதுகெலும்பும் விலாவெலும்பும் கூடி வளர்ந்த உடலுறுப்பு அது. அதைத் தொட்டால் ஆமைக்கு உணர்ச்சி உண்டு.

குழந்தைகளின் நலம்

ஆமையால் குழந்தைக்குக் கேடு வருமோ என்று தாய்மார் அஞ்சுவது வீண் அச்சமன்று. பார்வைக்கு நலமாயுள்ள ஆமையின் குடலிலும் சால்மொனெல்லா என்ற கிருமி இருக்கலாம். அது தொட்டி நீரில் கலந்து, கைவழியே வாய்க்குச் சென்று, காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் உண்டாக்கும். சிறு ஆமைகளால் குழந்தைகள் மிகுதியாக நோயுற்றமையால், அமெரிக்க அரசு 1975-ல் நான்கங்குலத்துக்குக் குறைந்த ஓடுடைய ஆமைகளைச் செல்லப் பிராணியாக விற்பதைத் தடை செய்தது. குழந்தை வாயில் வைத்துக்கொள்ளும் அளவினவாக இருந்ததே அந்த அளவுக்குக் காரணம். ஆமையின் தாயகமான நாட்டிலேயே விலக்கிய குஞ்சுகளைத்தான் நம் கடைகளில் அன்பளிப்புப் பொருளாக வாங்குகிறோம்.

இதற்குச் செய்ய வேண்டுவன எளியவை. ஆமையையோ நீரையோ தொட்டபின் சோப்பிட்டுக் கைகழுவுதல், தொட்டி உள்ள அறையில் சிற்றுண்டி உண்ணாமை, ஆமையை முத்தமிடாமை, தொட்டியைச் சமையலறைத் தொட்டியிலோ குடிநீர்க் குழாயடியிலோ கழுவாமை. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளிடம் ஆமையைத் தருதல் கூடாது. ஆகவே மழலையர் வகுப்பு ஆமைக்கு உரிய இடமன்று.

விடுமுறைக் கேள்வி

மேற்கூறிய பெற்றோர் கூட்டத்தில் இவையெல்லாம் பேசப்பட்டன. பூஜை விடுமுறையில் நம்மில் பாதிப்பேர் சாலிமாரில் கோரமண்டல் எக்ஸ்பிரஸ் ஏறிவிடுவோம். மீதிப்பேர் பந்தல் பந்தலாகச் சுற்றுவோம். பள்ளிக்கோ பூட்டு. விளக்கும் வடிகட்டியும் நின்றால் தொட்டி ஒரு வாரத்தில் நாற்றமெடுக்கும். இறுதியில் செய்யப்பட்ட ஏற்பாடு இது: வளாகத்திலேயே நிலையாக வசிக்கும் வங்காளிக் குடும்பம் ஒன்று இரு ஆமைகளையும் ஏற்றுக்கொண்டது. மாதச் செலவைப் பெற்றோர் பகிர்ந்துகொள்வது என்றும், குழந்தைகள் மாதம் ஒருமுறை சென்று ஓட்டின் நீளத்தை அளந்து நோட்டுப் புத்தகத்தில் குறித்துவருவது என்றும், பள்ளிக்கு இனி உயிருள்ள அன்பளிப்பு எதுவும் ஏற்பதில்லை என்றும் எழுதிக் கையொப்பமிட்டனர். குழந்தைகள் அழத்தான் செய்தனர். ஆயினும் தம்மைவிட்டுப் போனபின்னும் அந்த உயிர் நலமாக இருக்கிறது என்பதை மாதந்தோறும் கண்ணால் காண்கின்றனர்.

ஏரியில் விடலாமா?

கூட்டத்தில் ஒருவர் சொன்ன ஏரி யோசனைக்கு வருவோம். அவர் சொன்னது இரக்கத்தால்தான். நியூ டவுனில் நீர்நிலைக்குப் பஞ்சமில்லை. 2012-ல் திறக்கப்பட்ட ஈக்கோ பார்க்கில் நூறு ஏக்கருக்கு மேற்பட்ட ஏரி இருக்கிறது. பாக்ஜோலா கால்வாய் இந்நகரின் ஊடே செல்கிறது. தெற்கே 12,500 ஹெக்டேர் பரப்புள்ள கிழக்குக் கொல்கத்தா ஈரநிலங்கள் விரிந்து கிடக்கின்றன. இம்மாநகரின் கழிவுநீரையே வாங்கி, மீன் வளர்த்து, நமக்கு உணவாகத் திருப்பித்தரும் அதிசய நிலம் அது. 2002-ல் ராம்சர் உடன்படிக்கையின் கீழ் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. நம் அடுக்குமாடிகள் எழுந்துள்ள நிலமும் முன்னாளில் வயலும் நீரும் சேறுமாக இருந்ததுதான்.

இந்நீர்நிலைகளில் செங்காது ஆமையை விட்டால் இரண்டில் ஒன்று நடக்கும். தொட்டியிலேயே வளர்ந்து இரை தேடத் தெரியாத ஆமை, பட்டினியாலும் நோயாலும் மாளும். அல்லது பிழைத்துப் பெருகும். பிழைத்தால் நாட்டு ஆமைகளின் இரையையும், வெயில் காயும் இடங்களையும் கவர்ந்துகொள்ளும். புதிய நோய்களையும் தரும். கேரளத்தில் திருச்சூரை அடுத்த கால்வாய் ஒன்றில் 2018-ல் இவ்வாமை காணப்பட்டது. அதன்பின் பீச்சியிலுள்ள கேரள வன ஆராய்ச்சி நிலையம், வளர்ப்போர் ஆமையை வெளியே விடாமல் தம்மிடம் ஒப்படைக்குமாறு வேண்டுகோள் விடுத்தது. அஸ்ஸாமில் குவாஹாத்தி நகரத்து உக்ரதாரா கோவில் குளத்திலும் கண்டனர். கோவில் குளத்தில் ஆமை விடுவது புண்ணியம் என்ற நம்பிக்கையே அயல் ஆமைக்கும் வழி திறந்துவிடுகிறது.

ஆகவே வைத்துக்கொள்ள முடியாதவர் முதலில் பொறுப்புள்ள வேறொரு குடும்பத்தைத் தேடுக. கிட்டாவிடில் மாநில வனத்துறையை அணுகுக. சால்ட் லேக்கில் அத்துறையின் வனவிலங்கு மீட்பு நிலையம் இருக்கிறது. எக்காரணம் கொண்டும் குளத்திலோ கால்வாயிலோ விடலாகாது. ஊரில் பாட்டி முறத்தில் எடுத்துப்போய் விட்டது அந்தக் குளத்து ஆமையை அந்தக் குளத்திலேயே, அது சரி. கடையில் வாங்கிய ஆமைக்கு இங்கே குளம் இல்லை.

தொட்டி இல்லாமலே கற்கலாம்

“குழந்தைகளுக்கு உயிர்களிடத்து அன்பு வளர வேறு வழி என்ன?” என்று கேட்கலாம். வழிகள் உண்டு, நம் மாநிலங்கள் இரண்டிலுமே உண்டு.

சுந்தரவனத்தில் சஜ்னேகாலி என்ற இடத்தில் வனத்துறையினர் ஓர் அரிய முயற்சி நடத்திவருகின்றனர். பாட்டகுர் பஸ்கா என்னும் பெரிய ஆற்றாமை ஒருகாலத்தில் கொல்கத்தாச் சந்தைக்கு இறைச்சிக்காக ஏராளமாக வந்தது. பின்னர் அவ்வினம் இயற்கையில் காண்பதற்கே அரிதாயிற்று. சஜ்னேகாலிக் குளத்தில் எஞ்சியிருந்த சிலவற்றைக் கொண்டு, 2012 முதல் குஞ்சு பொரிக்கவைத்து வளர்த்து, 2022 ஜனவரியில் பத்து ஆமைகளை, செயற்கைக்கோள் வழியே அவற்றின் போக்கை அறியும் கருவிகள் பொருத்தி, ஆற்றில் விட்டனர். அவற்றுள் சில எல்லை கடந்து வங்கதேசத்து நீரிலும் சென்றன. குளிர்காலத்தில் சுந்தரவனம் செல்லும் நம் குடும்பங்கள் புலியைத் தேடி ஏமாந்து திரும்புவது வழக்கம். சஜ்னேகாலியில் இக்கதையைக் குழந்தைகளுக்குச் சொல்லலாம்.

சென்னையிலோ 1988 முதல் மாணவர்களே சேர்ந்து நடத்திவரும் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு ஒன்று இருக்கிறது. மீனவர்கள் பங்குனி ஆமை என்று அழைக்கும் ஆமை, தை முதல் பங்குனி வரை கரையேறி முட்டையிடும். அந்த இரவுகளில் இம்மாணவர்கள் நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே மணலில் நடந்து, முட்டைகளை நாய்களிடமிருந்து காத்து வேலியிட்ட இடத்தில் புதைத்து, பொரித்த குஞ்சுகளைக் கடலில் விடுகின்றனர். பொதுமக்களும் குழந்தைகளும் உடன் நடந்துவர இடமுண்டு. விடுமுறையில் சென்னை செல்லும் குடும்பங்கள் ஓர் இரவு இதில் கலந்துகொள்ளலாம். அங்கே எந்தக் குழந்தையும் ஆமையை வீட்டிற்குக் கொண்டுவருவதில்லை. ஆயினும் அந்த இரவை அது மறப்பதில்லை.

இவ்வளவு தூரம் செல்ல இயலாதோர் நியூ டவுனிலேயே தொடங்கலாம். மழை ஓய்ந்த காலையில் குட்டையோரத்தில் பத்து நிமிடம் ஓசையின்றி நின்றால், மரக்கட்டையின் மேல் கழுத்தை நீட்டி வெயில் காயும் நாட்டு ஆமை கண்ணில் படலாம். எந்தத் திங்களில் கண்டோம், எத்தனை, என்ன நிறம், அருகே என்ன பறவை என்று குழந்தை ஒரு நோட்டில் எழுதட்டும். ஒருபக்கம் தமிழிலும் மறுபக்கம் வங்காளியிலும் எழுதட்டும்; ஆமைக்கு இங்கே கச்சப் என்றும் காச்சிம் என்றும் பெயர். ஓராண்டு முடிந்தால் அந்நோட்டே ஒரு நல்ல பாடநூலாகும்.

நம் சங்கத்து உறுப்பினர் இல்லங்களில் செங்காது ஆமை முன்பே இருக்குமாயின், இனியேனும் பெரிய தொட்டியும் விளக்கும் அமைத்துக் காப்பாற்றுங்கள். மாற்றல் உத்தரவு வந்தால், வீட்டுச் சாமான் கட்டுமுன் ஆமைக்கு இடம் தேடுங்கள். இடம் கிடைக்காதவர் சங்கத்திற்கு ஒரு வரி எழுதினால், ஏற்க விரும்பும் குடும்பத்தைக் கேட்டறிந்து சொல்ல இயலும். பிறந்தநாள் அன்பளிப்பு வாங்கக் கடைக்குச் செல்லும் பெற்றோர்க்கு ஒரே வேண்டுகோள்: தொட்டியைக் கடந்து சென்று, அடுத்த கடையில் ஒரு நல்ல படப்புத்தகம் வாங்குங்கள்.